பைகுலா நடைபாதையிலிருந்து நைரோபி வரை

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். பேசப்படும் மொழிகள் ஆயிரத்துக்கும் மேல். கேப்டவுனுக்கும் நைரோபிக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 4,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு நாட்டுக்காரர் பக்கத்து நாட்டுக்குப் போக விசா வாங்குவதே அங்கே பல சமயம் பெரும்பாடு. அப்படியிருக்க, கேப்டவுன் குடிசையில் வாழும் ஒரு பெண்மணியும் நைரோபி குடிசையில் வாழும் ஒரு பெண்மணியும் ஒரே மாதிரி தினச் சேமிப்புக் கணக்கு எழுதுகிறார்கள். ஒரே மாதிரி வீட்டுக்கு வீடு எண் போட்டுக் கணக்கெடுக்கிறார்கள். கட்டப் போகும் வீட்டை முதலில் கழியையும் துணியையும் வைத்து முழு அளவில் நிறுத்திப் பார்க்கிறார்கள். இது எப்படி நடந்தது?

விடையில் பெரும்பகுதி நம் மும்பையில் இருக்கிறது என்பதும், அதில் ஒரு தமிழருக்கு முக்கியமான பங்கு உண்டு என்பதும் சங்க அன்பர்களில் பலருக்குத் தெரிந்திராது. ரயில் பாதைப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவன் நான். இந்த இயக்கத்தாரை முதலில் எதிர்த்தரப்பிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது. அதனால் ஏற்பட்ட ஆர்வத்தில் படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களின் தொடக்கத்தில், இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளையாக, பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தார். தங்கியது டிராம்பே பக்கத்து ஜனதா காலனியில். குப்பை அள்ள நகராட்சி வராத அந்தக் காலனியில், குழந்தைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைச் சுமக்க வைத்து நகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொண்டு போய்க் கொட்டச் செய்தார். அதன் பிறகு குப்பை வண்டி வந்தது! அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று அந்தக் காலனியையே காலி செய்யச் சொன்னபோது பல ஆண்டுகள் வழக்காடினார், ஊர்வலம் போனார், சிறை சென்றார். கடைசியில் நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், சுமார் 70,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் குடியேற்றப்பட்ட இடம்தான் சீத்தா கேம்ப். அங்கே உறவினர் இல்லாத மும்பைத் தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் அந்த ஊர் உண்டான கதை அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியுமா என்பது சந்தேகமே.

ஜனதா காலனியை இழந்ததிலிருந்து அவர் கண்டுகொண்டது ஒன்று. போராட்டத்தால் இடிப்பைச் சில காலம் தள்ளிப் போடலாம். ஆனால் வேறு வழி என்ன என்று அரசாங்கம் கேட்கும்போது சொல்வதற்குக் கையில் ஒரு திட்டம் இல்லாவிட்டால், ஒருநாள் புல்டோசர் வந்தே தீரும். திட்டம் தீட்டக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எடுக்கக் கற்றுக் கொண்டது பைகுலா நடைபாதைப் பெண்களோடு சேர்ந்துதான்.

1984-இல் ஷீலா பட்டேலும் அவருடைய தோழர்களும் ஸ்பார்க் என்ற ஸ்தாபனத்தை பைகுலாவில் தொடங்கினார்கள். மறு ஆண்டு, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது நடைபாதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அரசாங்கக் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. ஆகவே அந்தப் பெண்களே சேர்ந்து ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். அடுத்த ஆண்டு 'மஹிலா மிலன்' என்ற பெண்கள் கூட்டமைப்பு உருவாயிற்று. தினமும் ஒருத்தி வீடு வீடாகப் போய் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்கி வருவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறக் காகிதத் துண்டு. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக் கொண்டால் அதுதான் பாஸ்புக்!

அந்த ஒரு ரூபாயால் வீடு வந்துவிடாது என்று கணக்குப் போட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் தினமும் ஒருத்தி வாசலில் வந்து நிற்பதால் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று, யார் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒரு நெருக்கடி வரும்போது எழுபது வீட்டாரையும் அரைமணி நேரத்தில் கூட்ட முடிகிறது. இதற்கு ஈடான தந்தி முறையை நான் ரயில்வேயில்கூடக் கண்டதில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். மும்பைப் புறநகர்ப் பாதைகளில் ஒரு காலத்தில் குடிசைகள் தண்டவாளத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தன என்பது அந்நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். பாதைக்காரனுக்கு அது வேறு விதமான தலைவலி. வடிகால் அடைபட்டுவிடும், மழையில் ஜல்லிக்குள் சேறு ஏறும், கேங்மேன்கள் நின்று பேக்கிங் செய்ய இடமிருக்காது, டிராலியில் போனால் முன்னால் ஒரு ஆள் ஓடிக் குழந்தைகளை விலக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வண்டி சில இடங்களில் 15 கிலோமீட்டரில் ஊர்ந்தது. குடிசைக்காரர்களுக்கோ உயிரே போயிற்று. அடிபட்டு இறந்தவர்களில் பெரும்பாலோர் தண்ணீருக்கோ காலைக் கடனுக்கோ பாதையைக் கடந்தவர்கள்தாம்.

1988-இல் இந்தப் பாதையோரங்களை ஜோக்கினின் தேசிய குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் அரசாங்கத்தோடு சேர்ந்து கணக்கெடுத்தபோது, 80 அடிக்குள் சுமார் 18,000 குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. பாதையோரக் குடிசைக்காரர்கள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு அமைத்தார்கள். முதலில் சுமார் 180 குடும்பங்கள் மான்குர்டில் தாங்களே கட்டிய வீடுகளுக்குப் போயின. பிற்பாடு மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டு ஹார்பர் லைனில் பெருவாரியாகக் குடிசைகள் இடிக்கப்பட்டபோது கூட்டமைப்பினர் மாநில அரசிடம் போய் நின்றார்கள். பட்டியல் கையில் தயாராக இருந்ததால் பேச முடிந்தது. ஐம்பது ஐம்பது குடும்பமாகப் பிரிந்து, தங்கள் குடிசையைத் தாங்களே பிரித்து எடுத்துக் கொண்டு நகர்ந்தார்கள். போலீஸ் தடியடி இல்லாமல் அப்படி நகர்ந்தவர்கள் சுமார் 60,000 பேர் என்பது பதிவாகியிருக்கும் கணக்கு. காலியான நிலத்தில் அளவு டேப்பைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது பெரும்பாலும் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணியாக இருக்கும். அளவில் ஓர் அடி பிசகினால் என்னைவிட முன்னதாக அவர் சொல்லிவிடுவார்.

இந்த வித்தை ஆப்பிரிக்கா போன கதை 1991-இல் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா விடுதலையாகி ஓராண்டு ஆகியிருந்த நேரம். இனி நம் ஆட்சி, எல்லோருக்கும் வீடு என்று குடிசைவாசிகள் நம்பிக்கையோடு இருந்தார்கள். ப்ரூடர்ஸ்ட்ரூம் என்ற இடத்தில் நடந்த அவர்களுடைய கூட்டத்துக்கு ஜோக்கின் அழைக்கப்பட்டிருந்தார். சுதந்திரம் வந்தாலும் ஏழைக்கு வீடு தானாக வந்துவிடாது, எங்கள் நாட்டைப் பாருங்கள் என்று அவர் சொன்னது அந்த உற்சாகத்துக்கு நடுவே பலருக்குக் கசந்தது. சொன்னதோடு நில்லாமல், வந்து பாருங்கள் என்று அழைத்தார். தென்னாப்பிரிக்கக் குடிசைவாசிகள் வந்தார்கள்; பைகுலா பெண்கள் அங்கே போனார்கள்.

இங்கேதான் மற்ற இயக்கங்களுக்கும் இதற்கும் வேறுபாடு. சாதாரணமாக ஒரு கண்டம் முழுவதும் இயக்கம் நடத்துவது என்றால் தலைநகரில் ஒரு மாநாடு, ஒரு தீர்மானம், ஒரு செயற்குழு என்று ஆரம்பிப்பார்கள். படித்தவர்கள் விமானத்தில் போய் வருவார்கள். இவர்கள் விமான டிக்கெட்டைச் சேமிப்புக் கணக்கு எழுதுகிற பெண்ணிடம் கொடுத்தார்கள். ஹிந்தி மட்டும் தெரிந்தவர், கோசா மொழி மட்டும் தெரிந்தவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் பாதி வேலை கையாலேயே நடந்துவிடும். ஒரு புதிய கேங்மேன் பேக்கிங் செய்யக் கற்பது கையேட்டைப் படித்தா? பழைய ஆள் பக்கத்தில் நின்று பீட்டர் வீசுவதைப் பார்த்துத்தானே! அதே முறைதான். இன்று கற்றுக் கொண்டவர் நாளைக்கு வாத்தியார்.

கேப்டவுனில் விக்டோரியா ம்செங்கே என்ற, கொலையுண்ட ஒரு வழக்கறிஞரின் பெயரைச் சூட்டிக் கொண்ட பெண்கள் குழு 1992 வாக்கில் சேமிப்பைத் தொடங்கியது. 1994-இல் தென்னாப்பிரிக்க வீடற்றோர் கூட்டமைப்பு உருவாயிற்று. புதிய அரசு மிக ஏழைகளுக்கு வீட்டு மானியமாக 15,000 ரேண்ட் கொடுத்தது. காண்ட்ராக்டர்கள் அந்தப் பணத்தில் தீப்பெட்டி போல ஒற்றை அறை கட்டிக் கொடுத்தார்கள். இந்தப் பெண்களோ தாங்களே செங்கல் அறுத்து, தாங்களே மேற்பார்வை பார்த்து, அதைவிட மிகப் பெரிய வீடுகளைக் கட்டிக் காட்டினார்கள். முதல் வீட்டுவசதி அமைச்சர் ஜோ ஸ்லோவோ இவர்களுடைய சுழல் நிதிக்கு 1 கோடி ரேண்ட் தருவதாக வாக்களித்தார். அந்த நிதியின் பெயர் 'உட்ஷானி'. ஜூலு மொழியில் புல் என்று அர்த்தம். 1995 ஜனவரியில் அவர் காலமான பிறகும் பணம் வந்து சேர்ந்தது.

அங்கிருந்து நமீபியா, ஜிம்பாப்வே, கென்யா என்று பரவியது. 1996-இல் சர்வதேசக் குடிசைவாழ்வோர் அமைப்பு உருவாகி, ஜோக்கின் அதன் தலைவரானார். நமீபியாவில் நடந்தது சுவாரஸ்யமானது. தலைநகர் விண்ட்ஹுக்கில் 300 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைக்குச் சட்டத்தில் இடமில்லை. குழாய் வீட்டுக்கு வீடு வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஏழையால் வாங்க முடியாத மனைக்குத் தரம் எவ்வளவு உயர்ந்திருந்தால் என்ன? சேமிப்புக் குழுக்கள் விடாமல் பேசி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் சிறிய மனை, பொதுக் குழாய், பின்னால் காசு சேரச் சேர வசதி என்ற முறையை நகராட்சியை ஏற்க வைத்தார்கள்.

ஜிம்பாப்வேயில் கதை வேறு. 2005 மே மாதம் அரசாங்கமே 'குப்பையைத் துடைப்போம்' என்று பொருள்படும் பெயரில் நகரங்களை இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. தூதர் அறிக்கை கொடுத்தார். கூட்டமைப்பு உறுப்பினர்களும் இதில் தப்பவில்லை. கணக்குப் புத்தகம் எல்லா புல்டோசரையும் நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டை நினைத்துக் கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் கொஞ்சமாவது பேசத் தயாராக இருந்தால்தான் பட்டியலுக்குப் பலன்.

கென்யாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. காரணம் அது ரயில் சம்பந்தப்பட்டது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை போகும் அந்த மீட்டர்கேஜ் பாதையை 1896-க்கும் 1901-க்கும் இடையே போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள். நைரோபி நகரமே அந்த ரயில்வேயின் ஒரு முகாமாகப் பிறந்ததுதான். இன்று அந்தப் பாதை கிபேரா, முக்குரு என்ற மாபெரும் குடிசைப் பகுதிகளை ஒட்டிச் செல்கிறது. கடைக்காரர் சாமானை தண்டவாளத்திலேயே பரப்புவார். வண்டி வரும்போது எடுப்பார். படத்தில் பார்த்தபோது எனக்கு ஹார்பர் லைன் நினைவுதான் வந்தது.

2004-இல் கென்ய ரயில்வே இவர்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. 'முவுங்கானோ வா வனவிஜிஜி' என்ற குடிசைவாசிகள் இயக்கம் அங்கே 1996 முதல் இருந்தது. அவர்கள் தெருவில் இறங்கியதோடு வேறொரு காரியமும் செய்தார்கள். ரயில்வே அதிகாரிகளையே மும்பைக்கு வந்து பார்க்க வைத்தார்கள்! ஒரு ரயில்வேக்காரனை நம்ப வைக்க இன்னொரு ரயில்வேக்காரனைக் காட்டுவதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. பாதை காலியானதை, வேகம் கூடியதை, குடிபெயர்ந்தவர்களின் வீடுகளை அவர்கள் பார்த்தார்கள்.

திரும்பிப் போனதும் எல்லாம் சுபமாக முடிந்ததாக நினைக்க வேண்டாம். மும்பையில் குடிசையில் இருப்பவரே பெரும்பாலும் அதன் சொந்தக்காரர். கிபேராவிலோ பத்தில் ஒன்பது பேர் வாடகைக்கு இருப்பவர்கள். குடிசையின் சொந்தக்காரர் வேறெங்கோ வசிப்பார். யாருக்கு வீடு, குடியிருப்பவருக்கா, கட்டியவருக்கா? இதில் வெட்டுக்குத்து வரை போகும். ஆகவே கணக்கெடுக்கும்போது இருவரையும் தனித்தனியே எழுதி, பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, மறுபடி திருத்தி ஒட்டினார்கள். மும்பையில் கற்றதை அப்படியே நகல் எடுக்கவில்லை. நடுவில் 2008 ஜனவரியில் தேர்தல் கலவரம். கிபேராவில் கோபம் கொண்ட கூட்டம் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டது. உகாண்டாவுக்குப் போகும் சரக்கு நின்றது. இத்தனைக்குப் பிறகும் உலக வங்கி உதவியுடன் திட்டம் நடந்தது. பாதைக்கும் குடியிருப்புக்கும் இடையே சுவர், கடக்க மேம்பாலங்கள், சுவரை ஒட்டிச் சிறு வீடுகளும் கடைகளும் என்று கட்டி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. தொலைதூரத்துக்குத் துரத்தாமல், இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடியேற்றினார்கள். இந்த ஓர் அம்சத்தில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ஏனென்றால் நம் மும்பையின் மறுகுடியேற்றக் கட்டடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோவண்டி, மான்குர்டு பக்கம் ஒரு கட்டடத்தின் ஜன்னலிலிருந்து அடுத்த கட்டடத்துக்குக் கை நீட்டி உப்பு வாங்கலாம். கீழ் மாடிகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. வெளிச்சமும் காற்றும் இல்லாத இந்த வீடுகளில் காசநோய் அதிகம் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. நகர்வதைக் குடிசைக்காரர்களே திட்டமிட்டார்கள். கட்டடத்தைத் திட்டமிட்டவர்கள் வேறு. இயக்கத்தார் அந்த மேஜையிலும் இன்னும் உறுதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அரசு மானியம் வரும் என்று நம்பி உட்ஷானி நிதியிலிருந்து முன்கூட்டியே கடன் கொடுத்து வீடு கட்டினார்கள். மானியம் வந்து சேரவில்லை, நிதி முடங்கியது, மனக்கசப்பு முற்றி 2000-களின் நடுவில் கூட்டமைப்பே உடைந்து, ரோஸ் மொலொகோவானே போன்றவர்கள் புதிய கூட்டமைப்பாகத் திரண்டார்கள். ஒரு ரூபாய் புழங்கிய இடத்தில் கோடி வந்தால் கணக்கு எழுதும் பழைய நோட்டு போதாது. ஜோக்கின் 2000-இல் மகசேசே விருது பெற்றார், 2011-இல் பத்மஸ்ரீ. ஆசியாவும் லத்தீன் அமெரிக்காவும் சேர்த்து 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமைப்பு பரவியிருந்த நிலையில், 2018 அக்டோபர் 13-ஆம் தேதி காலமானார். ஒரு மனிதரின் சொல்லை நம்பி இத்தனை ஊர்கள் நடந்ததில் பலமும் இருந்தது, ஆபத்தும் இருந்தது.

ஆனால் கற்றுக் கொண்ட கைகள் சும்மா இருக்கவில்லை. நைரோபியில் ஹுருமா என்ற இடத்தில் குடிசைவாசிகள் கட்டிய மாடி வீடுகளின் தளத்தை, தாங்களே தரையில் வார்த்துத் தூக்கி வைத்த சிறு கான்கிரீட் பலகைகளால் போட்டார்கள். அந்த முறையை இந்தியா வந்து பார்த்துக் கற்றார்கள். பலகையை அங்கே இன்றும் 'லாதி' என்றே அழைக்கிறார்கள். நம் வீட்டில் தரைக் கல்லுக்குச் சொல்லும் அதே மும்பைச் சொல்தான்!

முக்குருவை 2017-இல் நைரோபி நிர்வாகம் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். இவ்வளவு பேரிடமும் யோசனை கேட்பது எப்படி? பத்து வீட்டுக்கு ஒரு குழு, பத்துக் குழுவுக்கு ஒரு தொகுதி என்று அடுக்கினார்கள். சாலை விதிப்படி அகலமாக வந்தால் எந்த வீடுகள் போகும், எவ்வளவு குறைத்தால் எத்தனை வீடு மிஞ்சும், தண்ணீர்க் குழாய் எந்தச் சந்தில், சாக்கடை எந்தச் சரிவில் என்று வீட்டுக்காரர்களே உட்கார்ந்து பேசினார்கள். குடிசைக்காரர் ஒரு குடம் தண்ணீருக்கு, குழாய் இணைப்புள்ள வசதிக்காரரைவிடப் பல மடங்கு கொடுக்கிறார் என்பதும் அந்தக் கணக்கெடுப்பில் எண்ணாக வெளிவந்தது. 2020-க்குப் பிறகு சாலையும் குழாயும் வரத் தொடங்கின.

பிறகு 2024 ஏப்ரலில் பெருமழை. நதி கரை புரண்டு மத்தாரே, முக்குருப் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மே மாதம், நதியிலிருந்து 30 மீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டு, புல்டோசர்களை அனுப்பியது. வெள்ளம் விட்டு வைத்ததை அவை இடித்தன. அந்த 30 மீட்டருக்குள் யார் யார் இருந்தார்கள், எத்தனை வருடம், எந்த வீட்டு எண், சொந்தக்காரரா, வாடகைக்கு இருந்தவரா என்ற கேள்விகள் நைரோபியில் இப்போது மறுபடியும் முதலிலிருந்து எழுந்திருக்கின்றன.